நெருங்கிய நண்பர்கள் இருவர் காதலர்களாகும் குறும்படம்: நட்பு காதலாக மாறுவதை எங்கே, எப்படிக் காட்டுவது?

கேள்வி: கோத்தகிரி_கதைசொல்லி

வணக்கம். கோத்தகிரியில் நடப்பதாக ஒரு குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதி முடித்திருக்கிறேன். இருபது நிமிடத்துக்குள் அடங்கும் காதல் கதை. காதலர்கள் இருவரும் ஆண்கள். பள்ளிக்காலம் முதல் இணைபிரியாத நண்பர்கள். இப்போது இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். கதிர், சிறு விவசாயிகளின் தோட்டங்களிலிருந்து பச்சைத் தேயிலையைப் பிக்கப் வண்டியில் ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்ப்பவன். வினோத், வர்க்கி என்னும் மொறுமொறுப்பான தின்பண்டம் போடும் பேக்கரி ஒன்றில் இரவு வேலை பார்ப்பவன். ஒருவனுடைய வேலை முடியும் நேரத்தில் மற்றவனுடைய வேலை தொடங்குவதால், மாலையில் தொழிற்சாலை வாசலில் இலை வண்டிகள் வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரமும், விடியற்காலையில் அடுப்பு தணிந்தபின் பேக்கரியின் பின்கட்டில் கிடைக்கும் அரை மணி நேரமும்தான் அவர்களுக்கென்று இருக்கும் பொழுது. கதை பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களிலேயே நடக்கிறது.

சிக்கல் என்னவென்றால், கதிர் தன் மனத்தைத் திறந்து சொல்லும் காட்சி முன்னறிவிப்பே இல்லாமல் வந்து விழுவதாக, வாசிக்கக் கொடுத்த நண்பர்கள் பலரும் சொல்கிறார்கள். அதற்கு முன்பே நான் குறிப்புகள் வைத்திருக்கிறேன். இருவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள்; ஒரு டீயை இரண்டாகப் பகிர்ந்து குடிக்கிறார்கள்; வினோத் கதிரின் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறான்; கடைத்தெருவில் கைகோத்து நடக்கிறார்கள். இவை எதுவுமே காதலின் அறிகுறியாக யாருக்கும் படவில்லை. "நாங்களும் எங்கள் நண்பர்களோடு இப்படித்தானே இருக்கிறோம்" என்கிறார்கள். சரி, பார்வைகளைக் கொஞ்சம் நீட்டலாம், பின்னணியில் இசையைக் கூட்டலாம் என்று எழுதிப் பார்த்தேன். படித்தால் எனக்கே கூசுகிறது.

முடிவைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. நம் படங்களில் தன்பாலீர்ப்புள்ள ஆண் ஒன்று கேலிக்குரியவனாக வந்து போகிறான், அல்லது கடைசியில் செத்துப்போகிறான். இரண்டுமே எனக்கு வேண்டாம். அதற்காக, ஊரே கைதட்டி வாழ்த்துவதாக முடிக்கவும் மனம் ஒப்பவில்லை.

கடைசியாக ஒன்று. படப்பிடிப்புக்குத் தெரிந்தவர் ஒருவர் தன் வீட்டைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "நண்பர்களைப் பற்றிய கதை" என்று மட்டுமே அவரிடம் சொல்லியிருக்கிறேன். முழுவதையும் சொல்ல வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: கத்தரிமேசை

பல ஆண்டுகளாகப் படத்தொகுப்பு செய்து வருகிறேன். உங்கள் திரைக்கதையில் குறிப்புகள் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. அவை தலைகீழாக இருக்கின்றன.

ஆணும் பெண்ணும் நடிக்கும் காட்சியில் விரலோடு விரல் பட்டாலே பார்ப்பவருக்கு விஷயம் விளங்கிவிடும். இரண்டு ஆண்கள் ஒரே பாயில் கால்மேல் கால் போட்டுத் தூங்கினாலும் நம் ஊரில் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தோளில் கை போடுவது, மடியில் தலை வைப்பது, எச்சில் பார்க்காமல் சாப்பிடுவது எல்லாம் இங்கே நட்புக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட உரிமைகள். ஆண்கள் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்வது அரிதாக இருக்கும் நாடுகளில் எடுக்கப்படும் படங்களில், தொடுதல் ஒன்றே கதையைத் தொடங்கி வைத்துவிடுகிறது. அந்த இலக்கணத்தை அப்படியே கொண்டுவந்து கோத்தகிரிக் கடைத்தெருவில் வைத்தால், கைகோத்து நடக்கும் இரண்டு பேர் கைகோத்து நடக்கும் இரண்டு பேராகவே தெரிவார்கள். இங்கே காதல் தெரிய வேண்டுமானால், அதுவரை கூச்சமில்லாமல் தொட்டுக்கொண்டிருந்த கை ஒரு நாள் தயங்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பிக்கப் வண்டியின் முன்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மிகக் குறுகலான இடம். கதிர் ஓட்டுகிறான், வினோத் பக்கத்தில் இருக்கிறான், நடுவில் கியர். முதல் காட்சியில் கதிர் கியர் மாற்றும்போதெல்லாம் அவன் கை வினோத்தின் முழங்காலில் இடிக்கிறது; வினோத் காலை நகர்த்துவதே இல்லை, பேச்சும் நிற்பதில்லை. இதை அழுத்திக் காட்டாதீர்கள். இருவரையும் ஒரே சட்டகத்தில் வைத்து, வெட்டாமல் ஓடவிடுங்கள். கதையின் நடுவில் அதே கோணம், அதே வளைவு, அதே இரண்டாவது கியர். இந்த முறை கை வருவதற்கு முன்பே முழங்கால் கதவுப் பக்கம் ஒதுங்கிவிடுகிறது. பேச்சு தொடர்கிறது, ஆனால் அரை நொடி பிந்தித் தொடர்கிறது. குளோசப் வேண்டாம், இசையும் வேண்டாம். முதல் காட்சியைப் பார்த்தவர்கள் யாரும் இதைத் தவறவிட மாட்டார்கள்.

இன்னொன்று, ஜெர்கின். தொடக்கத்தில் வினோத் கதிரின் ஜெர்கினைக் கேட்காமலேயே சீட்டிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு பேக்கரிக்குள் போகட்டும். காலையில் அதைச் சுருட்டி வண்டிக்குள் எறியட்டும். பிறகு ஒரு நாள் அதைத் துவைத்து, மடித்து, துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுக்கட்டும். "எதுக்குடா துவைச்ச?" என்று கதிர் கேட்பது போதும். அந்தக் கேள்விக்கு வினோத் பதில் சொல்லக் கூடாது.

உங்கள் கதை மலையில் நடப்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் அக மரபில் மலை நிலம் குறிஞ்சி. காதலர் கூடுவது அந்தத் திணைக்கு உரியது. தலைவன் உள்ளுக்குள் வாடும்போது, "உனக்கு என்ன ஆயிற்று?" என்று முதலில் கேட்பவன் அவனுடைய தோழனான பாங்கன். முதலில் இடித்துரைப்பான், பிறகு நண்பனின் நிலையைக் கண்டு இரங்கி, தலைவியைப் பார்த்து வரவும் போவான். கதிருக்கு மனத்தில் ஒரு பாரம் என்றால் அதை இறக்கி வைக்க ஓடக்கூடிய ஒரே ஆள் வினோத்தான். காதலே அவன்மீது என்னும்போது கதிர் யாரிடம் போவான்? பாங்கனிடம் சொல்ல முடியாத காதல் என்பதுதான் நீங்கள் எடுத்துக்கொண்ட கதையின் உண்மையான முடிச்சு. கதிர் எதையோ மறைக்கிறான் என்று வினோத்துக்குத் தெரிய வேண்டும்; "யாரு அந்தப் பொண்ணு, சொல்லுடா" என்று அவன் சிரித்துக்கொண்டே துருவித் துருவிக் கேட்க வேண்டும். மனம் திறக்கும் காட்சி அதன்பின் திடீரென்று வந்ததாக யாருக்கும் தோன்றாது.

மறுமொழி 2: குன்னூர்_பழையவன்

கத்தரிமேசை சொல்வது சரிதான்; ஆனால் பாதிதான். நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவன். இப்படி ஒரு நட்பில் நெடுங்காலம் இருந்தவன். நாற்பதை நெருங்கும் வயதில், விலாசம் தெரியாத இந்த இடத்தில்தான் அதைச் சொல்ல முடிகிறது என்பது வேறு விஷயம்.

இருவரும் ஒரே நேரத்தில் விலகுவதில்லை. ஒருவனுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. அவன் ஒதுங்கத் தொடங்குகிறான். மற்றவனுக்கு எதுவும் தெரியாது. நான் என்ன தப்பு செய்தேன், பணம் எதுவும் திருப்பித் தராமல் விட்டுவிட்டேனா, யாராவது கோள் சொன்னார்களா என்று அவன் தவிக்கிறான். அந்தத் தவிப்பில் முன்னைவிட அதிகமாக நெருங்கி வருகிறான். வலியத் தோளில் கை போடுகிறான், வேலை இல்லாத நாளிலும் வந்து நிற்கிறான். ஒருவன் தள்ளிப்போகத் தள்ளிப்போக மற்றவன் கிட்டே வருவதுதான் நான் கண்டது. உங்கள் கதையில் முழங்காலை நகர்த்துவது வினோத் என்றால் அவனுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது என்று பொருள். அப்போது மனம் திறந்து சொல்பவன் கதிராக இருப்பது பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தவும் கூடும். துரத்தித் துரத்திக் காரணம் கேட்டுக்கொண்டிருந்தவன், கேட்கும்போதே தன் மனத்தையும் கண்டுகொள்வான் என்றால் அதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

பெண் பார்க்கும் படலம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது என் எண்ணம். வினோத் வீட்டார் மேட்டுப்பாளையத்துக்கோ காரமடைக்கோ பெண் பார்க்கப் போனால் வண்டி ஓட்டுவது யார்? நண்பன்தான். கூடத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கேசரியும் காரமும் சாப்பிட்டு, "பொண்ணு எப்படிடா?" என்று முதலில் கேட்கப்படுவதும் நண்பன்தான். திரும்பி மலை ஏறும்போது வினோத்தின் அம்மா பின்சீட்டிலிருந்து, "நீ சொன்னாத்தான் இவன் கேப்பான், நீயே சொல்லு கதிரு" என்று சொல்வாள். அந்த ஒரு வரிக்குக் கதிர் என்ன பதில் சொல்வான் என்பதை எழுதுங்கள். படத்தின் பாதி அதிலேயே இருக்கிறது. ஒரு வேண்டுகோள்: அந்தப் பெண்ணை அசட்டுப் பெண்ணாகக் காட்டாதீர்கள். அவளுக்கு இவர்களைவிட அதிகம் புரிந்திருக்கலாம்.

ஊரை வில்லனாக்கும் காட்சிகள் எதுவும் தேவையில்லை. அடி, உதை, பஞ்சாயத்து எதுவும் வேண்டாம். சிறிய ஊரில் இருப்பவனுக்கு முதலில் வரும் பயம் ஊரைப் பற்றியது அன்று. சொல்லி, அவன் மறுத்துவிட்டால், நாளை மாலை நான் எங்கே போய் நிற்பேன் என்பதுதான் அந்தப் பயம். ஒரே பேருந்து நிலையம், ஒரே டீக்கடை, ஒரே நண்பர் கூட்டம். காதல் போவதோடு நிற்காது, பொழுதும் போய்விடும்.

2018 செப்டம்பர் 6 அன்று, தன்பாலின உறவு குற்றமாகாது என்ற உச்ச நீதிமன்றத்தின் 377ஆம் பிரிவுத் தீர்ப்பு தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தபோது நாங்கள் இருவரும் ஒரே கடையில் உட்கார்ந்திருந்தோம். அவன் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரம் கழித்து அவன் பச்சைத் தேயிலை விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். வேண்டுமானால் இதை உங்கள் படத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற_ஆசிரியர்

தம்பி, யாரையும் புண்படுத்த எழுதவில்லை. எங்கள் தலைமுறையில் ஆண்களுக்கிடையே இருந்த நட்பு மிக ஆழமானது. ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கும் அளவுக்கு இருந்தது. அதற்கு நட்பு என்ற பெயரே போதுமானதாக இருந்தது. அப்படிப்பட்ட நெருக்கத்தையெல்லாம் காதல் என்று படம் எடுத்துக் காட்டத் தொடங்கினால், நாளை இரண்டு பையன்கள் தோளில் கை போட்டு நடக்கவே கூச்சப்படும் நிலை வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். அந்தக் காதலைச் சொல்லத்தான் வேண்டுமென்றால், முன்பின் அறியாத இருவருக்கிடையே அது மலர்வதாகச் சொல்லக் கூடாதா? நட்பை ஏன் இழுக்க வேண்டும்?

மறுமொழி 4: அடுப்படி_மகள்

ஐயா, உங்கள் அச்சம் வெறும் பழமைவாதம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். அப்படி ஒரு கூச்சம் நகரங்களில் வரத் தொடங்கிவிட்டது உண்மை. ஆனால் அதைக் கொண்டுவந்தது கேலி. பள்ளியில் இரண்டு பையன்கள் நெருங்கிப் பழகினால் பெயர் வைத்துச் சிரிப்பதும், திரைப்படங்களில் அதையே நகைச்சுவையாக்கிக் காட்டுவதும்தான் தோளில் போட்ட கையை எடுக்க வைக்கின்றன. இந்தக் காதலைக் கேலி இல்லாமல் காட்டும் படம் வந்தால் கைக்கு அந்தப் பயம் குறையுமே தவிரக் கூடாது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நேரில் பாராமலேயே நண்பர்களானவர்கள். உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்ட சோழனோடு ஆந்தையாரும் உயிர் துறந்தார். அந்த நட்பின் பெருமை ஒரு குறும்படத்தால் குறைந்துவிடப் போவதில்லை. கதைசொல்லி எல்லா நட்பும் காதல்தான் என்று சொல்லவில்லை. ஒரு நட்பு காதலாயிற்று என்கிறார். ஆணும் பெண்ணும் நண்பர்களாகப் பழகிக் காதலர்களான கதைகளை நாம் கேட்காமல் இல்லையே. முன்பின் அறியாதவர்கள் என்று மாற்றினால், இழப்பதற்கு ஒன்றும் இல்லாத இருவரின் கதையாக அது ஆகிவிடும்.

இனிக் கதைசொல்லிக்கு. என் அப்பா வர்க்கி போடுபவர். வினோத்தின் வேலையைப் பற்றிச் சில செய்திகள் சொல்ல வேண்டும். வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் விறகடுப்புக்கு முன்னால் பனியனோடுதான் நிற்பார்கள். ஜெர்கினைப் போட்டுக்கொண்டு மாவு பிசைகிறவனை யாரும் நம்ப மாட்டார்கள். அது உள்ளே ஓர் ஆணியில்தான் தொங்கும். ஆனால் தொங்கிக்கொண்டிருந்தாலே போதும், விடிவதற்குள் புளித்த மாவின் வாடையும், புகையும், வனஸ்பதி மணமும் அதில் ஏறிவிடும். எங்கள் வீட்டில் அப்பாவின் துணிகளைக் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தெடுத்துவிடுவோம். ஆகவே துவைத்த ஜெர்கினைக் கதிர் வாங்கும் இடத்தில் "எதுக்குடா துவைச்ச?" என்ற கேள்விகூட வேண்டாம் என்பேன். அவன் அதைத் தன்னையறியாமல் முகத்தருகே கொண்டுபோய்ப் பார்க்கட்டும். சோப்பு மணம் மட்டுமே இருக்கிறது என்பது அவன் முகத்தில் தெரியட்டும். முதல் காட்சிகளில் ஒருமுறை, "உன் பேக்கரி நாத்தம் வண்டியெல்லாம் அடிக்குது" என்று அவன் திட்டியிருந்தால் பார்ப்பவர்களுக்கு விளங்கிவிடும்.

மறுமொழி 5: உதகை_வழக்குரைஞர்

முடிவைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

இன்றைய சட்டநிலையைத் தெரிந்துகொண்டு முடிவை எழுதுவது நல்லது. வயது வந்த இருவர் தம் விருப்பத்தின்பேரில் தனிமையில் உறவு கொள்வது குற்றமாகாது என்பது 2018இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒருமித்து அளித்த தீர்ப்பு. 2023 அக்டோபர் 17 அன்று வேறோர் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தன்பாலினத்தவர் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க மறுத்துவிட்டது. அதாவது கதிரும் வினோத்தும் குற்றவாளிகளும் அல்லர், மணமக்களாகவும் முடியாது. இடையில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், இத்தகைய இணையரைக் காவல் துறை துன்புறுத்தக் கூடாது என்றும், சிகிச்சை என்ற பெயரில் ஒருவருடைய ஈர்ப்பை மாற்ற முயலக் கூடாது என்றும் விரிவான உத்தரவு பிறப்பித்தார். 2025 மே மாதத்தில் அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழி அன்று என்று கூறியது. இந்தத் தீர்ப்புகளை யாரும் வசனமாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் "ஓடிப்போவோம், கல்யாணம் பண்ணிக்குவோம்" என்பது இவர்களுக்குத் திறந்திருக்கும் வழியே அன்று என்பதை நீங்கள் மனத்தில் வைத்து எழுத வேண்டும்.

அவர்களுக்குத் திறந்திருக்கும் வழி மிகச் சாதாரணமானது: ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது. வேலைக்குப் போகும் இரண்டு இளைஞர்கள் சேர்ந்து வீடு கேட்டால் வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி அட்வான்ஸைப் பற்றியும் தண்ணீர் மோட்டாரைப் பற்றியும்தான் இருக்கும். நட்பு என்ற பெயர் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. அதே பெயருக்குள் அவர்கள் ஒளிந்துகொண்டும் இருக்க வேண்டியிருக்கிறது. இதை மகிழ்ச்சி என்று கொள்வதா, இல்லையா என்பதைப் பார்ப்பவர்களிடம் விட்டுவிடலாம்.

உங்களுக்கு வீடு தருபவரிடம் கதை முழுவதையும் சொல்லிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. படம் இணையத்தில் வந்தபின் அந்தக் கூடமும் சுவரில் தொங்கும் அவர் வீட்டுப் படங்களும் ஊருக்கு அடையாளம் தெரியும். பேசப்போவது அவரைத்தான், நீங்கள் அதற்குள் ஊர் திரும்பியிருப்பீர்கள். கதையின் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, இருவரும் ஓர் அறையில் இருக்கும் காட்சியும் அதில் உண்டு என்று குறிப்பிட்டு, கையொப்பம் வாங்குங்கள். மறுத்தால் வேறு வீடு பாருங்கள். நடிகர்களிடமும் அப்படியே. அவர்களுடைய வீட்டாருக்குத் தெரியுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், தெரிவிப்பதும் தெரிவிக்காததும் அவர்கள் முடிவு. திரையரங்கில் பொதுமக்களுக்குத் திரையிடுவதென்றால் 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி தணிக்கைச் சான்று வேண்டும். நேரடியாக யூடியூபில் ஏற்றுவதற்கு அது தேவையில்லை. தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோரைப் பற்றிய படங்களுக்காக மும்பையில் 2010 முதல் நடந்துவரும் காஷிஷ் திரைப்பட விழா போன்றவற்றுக்கு அனுப்ப எண்ணினால், விழா முடியும்வரை இணையத்தில் ஏற்றலாமா என்பதை அவர்கள் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 6: மூடுபனி_கேமரா

ஒளிப்பதிவு சார்ந்து சில வார்த்தைகள்.

காதல் படம், மலை என்றதும் எல்லோரும் பனிமூட்டத்துக்கு ஆசைப்படுவார்கள். இந்தக் கதைக்கு அது எதிரி. முழங்கால் ஒதுங்குவதையும் அரை நொடித் தயக்கத்தையும் காட்ட வேண்டிய படத்தில், பனி வந்து எல்லாவற்றையும் மெழுகிவிட்டால் காட்டுவதற்கு என்ன மிஞ்சும்? அதோடு, முதல் ஷாட்டில் இருந்த பனி மூன்றாவது ஷாட்டில் இருக்காது. படத்தொகுப்பில் கத்தரிமேசை அழுதுவிடுவார். கோத்தகிரி தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழைதான் அங்கே பலமாக இருக்கும். தை பிறந்தபின் வானம் தெளிந்துவிடும். காலையில் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே வரும் வெயில் கூர்மையாக இருக்கும், நிழலும் கறாராக விழும். அந்த வெளிச்சம் உங்களுக்குப் பொருந்தும்.

மலை ரயிலைத் தயவுசெய்து உள்ளே கொண்டுவராதீர்கள். அது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்குப் போவது. கோத்தகிரிப் பக்கமே வராது. நீலகிரி என்றால் அந்த ரயில் ஒரு முறையாவது புகை விட்டாக வேண்டும் என்று சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஏன் நினைக்கிறார்களோ தெரியவில்லை.

தொழிற்சாலை வாசல் காட்சிக்கு ஒலிதான் பெரிய தொல்லை. உள்ளே இலை வாட்டும் மின்விசிறிகளின் இரைச்சல் நிற்கவே நிற்காது. அதைக் குறையாக எண்ணாமல் பயன்படுத்திக்கொள்ளலாம்: அந்த இரைச்சலில் இருவரும் பேச வேண்டுமென்றால் காதருகே குனிந்துதான் பேச முடியும். தொடக்கத்தில் குனிந்து பேசுகிறவர்கள், பிறகு தள்ளி நின்று உரக்கப் பேசத் தொடங்கினால், விலகல் கண்ணுக்கும் தெரியும், காதுக்கும் கேட்கும். வெளியூர் வண்டியில் ஆட்கள் வருவதென்றால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிகளுக்குத் தேவையில்லை. காட்டுக்குள் காட்சி வைத்தால் வனத்துறை அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கும். கதைக்கும் காடு தேவைப்படவில்லை.

மறுமொழி 7: கத்தரிமேசை

குன்னூர் நண்பர் சொன்ன திருத்தத்தை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஒருவன் விலகி ஒருவன் நெருங்குவது என் யோசனையைவிட வலுவானது.

வழக்குரைஞர் சொன்ன வாடகை வீட்டை வைத்து ஒன்று தோன்றுகிறது. கதைசொல்லி எழுதியிருந்த ஒரே போர்வை, ஒரே டீ, தோளில் சாய்ந்த தூக்கம், கைகோத்த நடை எதையும் தூக்கி எறிய வேண்டாம். பாதியைத் தொடக்கத்தில் வைத்து, பாதியைக் கடைசிக்கு எடுத்துச் செல்லுங்கள். நடுவில் எல்லாம் நின்றுபோகிறது. மனம் திறந்து பேசியபின் அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. கடைத்தெருவில் கைகோத்து நடக்கும் ஷாட்டைக் கடைசியில், முதலில் எடுத்த அதே கோணத்தில் எடுத்தால், தெருவில் இருப்பவர்களுக்கு அது பழைய நட்பு. படம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மட்டும் வேறு. முத்தக் காட்சி வேண்டுமா என்ற கேள்விக்கும் அங்கே விடை கிடைக்கலாம். வைத்தால் கூச்சமின்றி வையுங்கள். ஆனால் அதைவைத்துத்தான் காதலை நிரூபிக்க வேண்டும் என்ற நிலையில் படத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி_கதைசொல்லி

அனைவருக்கும் நன்றி. குறிப்பாகக் குன்னூர் நண்பருக்கு. டீக்கடைக் காட்சியை எடுத்துக்கொள்கிறேன், தேயிலை விலைப் பேச்சோடு சேர்த்து.

மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். முதலில் அறிந்துகொள்பவன் வினோத். துரத்திக் கேட்பவன் கதிர். பெண் பார்க்கும் காட்சி காரமடையில் வருகிறது. வினோத்தின் அம்மா கேட்பதற்குக் கதிர் சொல்லும் பதிலை இன்னும் எழுத முடியவில்லை. இப்போதைக்கு, அவன் பதில் சொல்லாமல் ஹாரன் அடிக்கிறான்; வளைவில் எதிரே வண்டி எதுவும் இல்லை. இதைவிட நல்லது தோன்றினால் மாற்றுவேன்.

வீட்டுக்காரரிடம் நேற்று கதை முழுவதையும் சொன்னேன். மனைவியிடம் கலந்துகொண்டு சொல்வதாகக் கூறியிருக்கிறார். அவர் மறுத்தால் கட்டபெட்டுப் பக்கம் வேறு வீடு பார்க்க வேண்டும். அந்தப் பகுதியில் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். பொங்கல் முடிந்தபின் படப்பிடிப்பு. மின்விசிறி இரைச்சலுக்கு நடுவில் பேச்சைப் பதிவு செய்யத் தெரிந்த ஒலிப்பதிவாளர் ஒருவரும் தேவைப்படுகிறார். சம்பளம் குறைவு, சாப்பாடும் தங்குமிடமும் உண்டு.